டிசைன் டெம்ப்ளேட்டா, சாதாரண வேர்ட் கோப்பா? மென்பொருள் படிக்கப்போகும் ரெஸ்யூமேக்கு எது சரி

அக்கா மகன் போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து தன் ரெஸ்யூமேயை அனுப்பியிருந்தான். மெக்கானிக்கல் படித்தவன். பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான்கு வருட அனுபவம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருக்கும் கார் உதிரிபாகக் கம்பெனிகளுக்கு நாற்பது தடவைக்கு மேல் அப்ளை பண்ணியிருக்கிறான். ஒரு ஃபோன்கூட வரவில்லை. "சித்தி, எங்க தப்புன்னே தெரியலைங்க, நீங்க ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க" என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். குரலில் இருந்த சோர்வு என்னை என்னவோ செய்தது.

கோப்பைத் திறந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இடது பக்கம் கருநீலப் பட்டை, வட்டத்துக்குள் போட்டோ, ஃபோனுக்கும் மெயிலுக்கும் சின்னச் சின்ன ஐகான்கள், ஒவ்வொரு திறமைக்கும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம். வலது பக்கம் வேலை அனுபவம். கேன்வா டெம்ப்ளேட்டில் மூன்று ராத்திரி உட்கார்ந்து செய்ததாகச் சொன்னான்.

நான் பதினோரு வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவள். முதலில் ஒரு கன்சல்டன்சியில், அப்புறம் ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவில். அதனால் கை தானாக ஒரு காரியம் செய்தது. பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டினேன். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

ஃபோன் பணி அனுபவம்
திறமைகள் குவாலிட்டி இன்ஜினியர்
சிஎம்எம் ஜூன் 2021 முதல் எக்செல்
வார்ப்பு ஆய்வு மி னி டே ப்
கல்வி வெண்டார் இன்ஸ்பெக்‌ஷன்

நட்சத்திரங்கள் காணவில்லை. ஐகான் இருந்த இடத்தில் வெற்றுச் சதுரம். ஜூன் 2021 எந்தக் கம்பெனிக்கு உரியது, வெண்டார் இன்ஸ்பெக்‌ஷன் என்பது படிப்பா வேலையா, எதுவும் புரியவில்லை. நாற்பது கம்பெனிகளின் கணினிக்குள்ளும் அவன் ஏறக்குறைய இந்த உருவத்தில்தான் போயிருக்கக்கூடும்.

இந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு ஏடிஎஸ் என்று பெயர், அதாவது அப்ளிகன்ட் டிராக்கிங் சிஸ்டம். வொர்க்டே, ஆரக்கிள் டாலியோ, எஸ்ஏபி சக்சஸ்ஃபேக்டர்ஸ், கிரீன்ஹவுஸ், நம்ம ஊர் ஸோஹோ ரெக்ரூட் எல்லாம் இந்த வகை. வந்த கோப்பிலிருந்து எழுத்துகளை மட்டும் உருவி எடுத்து, பெயர், ஃபோன், கம்பெனி, பதவி, தேதி, படிப்பு, திறமை என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்கும். நிறம், கட்டம், படம் எல்லாம் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும். இதற்குப் பிறகுதான் ரெக்ரூட்டர் வருவார். வந்து ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க மாட்டார், தேடுவார். நௌக்ரியில் கம்பெனிகள் ஆள் தேடும் பகுதிக்கு ரெஸ்டெக்ஸ் என்று பெயர். நான் வேலையில் இருந்தபோது காலையில் அதைத் திறந்து தட்டச்சு செய்வது இப்படித்தான் இருக்கும்: சப்ளையர் குவாலிட்டி (வெளியிலிருந்து வாங்கும் பாகங்களின் தரம் பார்ப்பது), பிபிஏபி (உற்பத்திக்கு முன் உதிரிபாகத்துக்கு ஒப்புதல் வாங்கும் முறை), மூன்று முதல் ஆறு வருடம், சென்னை, நோட்டீஸ் பீரியட் 30 நாளுக்குள். சில நூறு பேர் வருவார்கள். முதல் இரண்டு மூன்று பக்கத்தில் இருபது நல்ல ஆட்கள் கிடைத்துவிட்டால் ஃபோனை எடுத்துவிடுவேன். ஐந்தாம் பக்கத்தில் இருப்பவர்தான் அந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவராக இருந்தாலும், எனக்கு அது தெரிய வழியே இல்லை.

"நூற்றுக்கு 75 ரெஸ்யூமேயை ரோபோவே தூக்கிக் குப்பையில் போடுகிறது" என்று ஒரு வாசகம் எங்கு பார்த்தாலும் சுற்றுகிறது. இதற்குப் பின்னால் முறையான ஆய்வு எதுவும் கிடையாது. பயமுறுத்தி ஏதாவது விற்பதற்குத்தான் அது உதவுகிறது. மென்பொருள் தானாகவே கழிப்பது பெரும்பாலும் அப்ளிகேஷன் படிவத்தில் கேட்கும் நேரடிக் கேள்விகளை வைத்துத்தான். எத்தனை வருட அனுபவம், இந்த ஊரில் வேலை பார்க்கச் சம்மதமா, இந்த லைசன்ஸ் இருக்கிறதா என்பது போன்றவை. அங்கே "இல்லை" என்று விழுந்தால் ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. மற்றபடி நடப்பது கண்ணில் படாமல் போவதுதான்.

அதற்காக மென்பொருளின் மேல் குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தகுதியுள்ள ஆட்களே விளம்பரத்தில் கேட்டதோடு அட்சரம் பிசகாமல் பொருந்தவில்லை என்ற காரணத்தால் வடிகட்டப்படுகிறார்கள் என்று 88 சதவீத நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஆறு மாதத்துக்கு மேல் வேலை இல்லாத இடைவெளி இருந்தாலே ஒதுக்கிவிடும்படி ஏறக்குறைய பாதிக் கம்பெனிகள் அமைத்து வைத்திருந்தன. பிள்ளை பெற்று வீட்டில் இருந்த பெண்ணும், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அலைச்சலுக்கும் நடுவே வேலையை விட்ட பையனும் அந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள். மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் மென்பொருள்களில் இன்னொரு ஆபத்து உண்டு. அமேசான் தனக்காகச் செய்து பார்த்த ஒன்று, பத்து வருடத்துப் பழைய ரெஸ்யூமேக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, 'பெண்கள்' என்ற சொல் வந்தாலே மதிப்பைக் குறைத்தது. அவர்கள் அதைக் கைவிட்ட கதை 2018-இல் வெளியே வந்தது. இதையெல்லாம் நாம் வீட்டிலிருந்து சரிசெய்ய முடியாது. நம் கையில் இருப்பது கோப்பின் வடிவமும் அதில் இருக்கும் சொற்களும் மட்டும்தான். அதனால் அந்த இரண்டில் எதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கலாம்.

வடிவம்: மூன்றில் எது

டெம்ப்ளேட், வேர்ட், லேடெக்ஸ் (கட்டளைகளை எழுதிப் பக்கத்தை வடிவமைக்கும் மென்பொருள்) என்று மூன்று வழிகள்தான் பொதுவாக எல்லோர் கையிலும் இருக்கின்றன.

இரண்டு பத்தி டெம்ப்ளேட்டின் சிக்கல் மேலே பார்த்ததுதான். எல்லா மென்பொருளும் இதில் தடுமாறும் என்று சொல்ல மாட்டேன். புதியவை சில, பத்திகளைச் சரியாகவே பிரித்துப் படிக்கின்றன. ஆனால் நீங்கள் அனுப்பும் கம்பெனியில் எது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பத்து வருடத்துக்கு முன் வாங்கிப் போட்டதை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் ஏராளம். அழகுக்காக எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்ட தலைப்புகள் இன்னொரு தொல்லை. கண்ணுக்கு அது ஒரு சொல், மென்பொருளுக்குத் தனித்தனி எழுத்து. அக்கா மகனின் 'மினிடேப்' (புள்ளிவிவர மென்பொருள் ஒன்றின் பெயர்) சிதறியது அப்படித்தான். நட்சத்திரமும் சதவீதப் பட்டையும் மனிதருக்கும் உதவாது. எக்செல்லில் ஐந்துக்கு நான்கு என்றால் எனக்கு என்ன தெரியும்? பிவட் டேபிள் போடத் தெரியுமா, தெரியாதா என்பதுதான் எனக்கு வேண்டும்.

ஆனால் டெம்ப்ளேட்டை முழுக்க ஒதுக்க வேண்டாம். கிராஃபிக் டிசைனர், விளம்பரத் துறை ஆட்கள், நேரில் கொடுக்கப்போகிறவர்கள், சின்னக் கம்பெனி முதலாளிக்கே நேராக மெயில் அனுப்புகிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். அங்கே முதலில் பார்ப்பது ஒரு மனிதரின் கண். படிவம் நிரப்பி ஏற்றும் இடத்துக்கு மட்டும் வேறு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

லேடெக்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐடி பையன்கள் ஓவர்லீஃப் என்ற லேடெக்ஸ் இணையதளத்தில் செய்கிற ரெஸ்யூமேக்கள் ஒற்றைப் பத்தியாக இருந்தால் நன்றாகவே படிக்கப்படுகின்றன. ஒரே ஒரு கவனம். ஆங்கிலத்தில் எஃப்பும் ஐயும் அடுத்தடுத்து வரும் இடத்தில் அது இரண்டையும் ஒட்டி ஒரே வடிவமாக அச்சடிக்கும். கோப்பில் அதற்குரிய யூனிகோடு விவரம் சேராவிட்டால், 'சர்டிஃபிகேட்' என்ற சொல்லின் நடுவில் ஓட்டை விழுந்துவிடும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்க் கோப்பிலிருந்து காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். திரையில் நல்ல தமிழாகத் தெரிந்தது, ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறி நிற்கும். கண் பார்ப்பது உருவத்தை, மென்பொருள் பார்ப்பது உருவத்துக்கு அடியில் ஒவ்வொரு எழுத்துக்கும் இருக்கும் குறியீட்டு எண்ணை. ரெஸ்யூமேயில் நடக்கும் கோளாறுகளில் பல இந்த ஒரு விஷயத்தால் வருபவை.

என் தேர்வு சாதாரண வேர்ட் கோப்புதான். கூகுள் டாக்ஸும் சரிதான். ஒரே பத்தி, மேலிருந்து கீழே. ஏரியல், கேலிப்ரி போலப் பெரும்பாலான கணினிகளில் இருக்கும் எழுத்துரு. தலைப்புகள் வழக்கமான பெயரில்: வொர்க் எக்ஸ்பீரியன்ஸ், எஜுகேஷன், ஸ்கில்ஸ். "என் பயணம்" என்று கவித்துவமாகத் தலைப்பு வைத்தால் அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஃபோன் எண்ணையும் மெயிலையும் வேர்டின் ஹெடர் பகுதிக்குள் வைக்காதீர்கள், பக்கத்தின் உடலிலேயே முதல் வரிகளாக எழுதுங்கள். சில மென்பொருள்கள் ஹெடரையும் ஃபுட்டரையும் படிக்காமலே தாண்டிவிடும். அருமையான ஆள், ஆனால் கூப்பிட எண் இல்லை என்ற நிலையில் நான் சில ரெஸ்யூமேக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஃபோனுக்காகக் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கும்.

வேர்டாகவே அனுப்புவதா, பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அப்ளை செய்யும் பக்கத்தில் என்ன கேட்டிருக்கிறதோ அது. எதுவும் சொல்லவில்லை என்றால் வேர்டிலிருந்து நேராகச் சேமித்த பிடிஎஃப் போதும். கன்சல்டன்சிக்கு அனுப்பும்போது மட்டும் வேர்ட் கொடுங்கள். அவர்கள் தங்கள் தாளில் மாற்றிப் போட்டுத்தான் கம்பெனிக்கு அனுப்புவார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டரில் டைப் அடித்து, பிரின்ட் எடுத்து, அந்தத் தாளை ஃபோனில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றும் வழக்கம் சின்ன ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்த பிடிஎஃப் ஒரு போட்டோ. அதில் எழுத்தே கிடையாது. சில மென்பொருள்கள் படத்திலிருந்து எழுத்தை அனுமானிக்கும், பல வெறும் பக்கமாக எடுத்துக்கொள்ளும். பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் "அந்த வேர்ட் ஃபைலை என் மெயிலுக்கு அனுப்பிடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கிக்கொண்டாலே இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எந்த வடிவமாக இருந்தாலும் அனுப்புமுன் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மென்பொருளும் ஒரு மாதிரி படிக்கும் என்பதால் இது முழுமையான சோதனை ஆகாது. ஆனால் இங்கேயே குழம்பினால் அங்கேயும் குழம்ப வாய்ப்பு அதிகம். இன்னொரு இலவசச் சோதனை, வொர்க்டே பயன்படுத்தும் கம்பெனிகளில் அப்ளை செய்யும்போது தானாகக் கிடைக்கிறது. ரெஸ்யூமேயை ஏற்றி அதிலிருந்தே படிவத்தை நிரப்பும் வசதியை அழுத்தினால், அடுத்த பக்கத்தில் உங்கள் கம்பெனி, பதவி, தேதி எல்லாம் கட்டங்களில் வந்து நிற்கும். அது தப்பும் தவறுமாக இருந்தால் உங்கள் கோப்பு எப்படிப் படிக்கப்படுகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். சலிப்பில் "நெக்ஸ்ட்" அழுத்திவிடாமல் ஒவ்வொரு கட்டத்தையும் திருத்துங்கள்.

ஒரே ரெஸ்யூமேயா, ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றா

வடிவத்தைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். உண்மையான வித்தியாசம் வருவது இந்த இடத்தில்.

அக்கா மகன் நாற்பது கம்பெனிக்கும் ஒரே கோப்பை அனுப்பியிருந்தான். அவன் கடைசியாக அப்ளை செய்த விளம்பரத்தை எடுத்து இருவரும் வீடியோ காலில் உட்கார்ந்தோம். அந்த விளம்பரத்தில் 'சப்ளையர் குவாலிட்டி' என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. பிபிஏபி இரண்டு தடவை. எஃப்எம்இஏ (எங்கே பழுது வரலாம் என்று முன்கூட்டியே அலசுவது), 8டி ரிப்போர்ட் (குறைக்குக் காரணம் கண்டு எட்டுப் படியில் தீர்க்கும் அறிக்கை), ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறையின் தரநிலை) ஒவ்வொன்றும் ஒரு தடவை. அவன் ரெஸ்யூமேயில் தேடினேன். சப்ளையர் குவாலிட்டி இல்லை. பிபிஏபி இல்லை. 8டி இல்லை.

"உனக்கு வெளியில இருந்து வார்ப்பு சப்ளை பண்றவங்ககிட்ட போய் ஆய்வு பண்ற வேலை இருக்கா கண்ணு?"

"வாரம் ரெண்டு நாள் அதுதாங்க சித்தி. வெண்டார் இன்ஸ்பெக்‌ஷன்னு போட்டிருக்கேனே."

"குறை வந்தா என்ன பண்ணுவே?"

"8டி எழுதி வாங்குவோங்க."

வேலையை அவன் செய்திருக்கிறான். பெயர் மட்டும் அவன் கம்பெனியின் பெயர். அவன் கம்பெனியில் வெண்டார் என்பதை இந்த விளம்பரத்தில் சப்ளையர் என்கிறார்கள். ரெக்ரூட்டர் சப்ளையர் என்று தேடும்போது வெண்டார் என்று எழுதியவன் வரமாட்டான். அர்த்தத்தைப் புரிந்துகொண்டு தேடும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் அதை நம்பி வேலையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. விளம்பரம் எந்தச் சொல்லைச் சொல்கிறதோ, நீங்கள் செய்த வேலைக்கு அது பொருந்தினால், அந்தச் சொல்லையே எழுதுங்கள். சுருக்கமும் விரிவும் இரண்டும் ஒரு இடத்திலாவது சேர்ந்து இருக்கட்டும். எஃப்எம்இஏ என்று தேடுகிறவரும் உண்டு, ஃபெய்லியர் மோட் அண்ட் எஃபெக்ட்ஸ் அனாலிசிஸ் என்று தேடுகிறவரும் உண்டு. தரத்துறையில் பழைய ஆட்களுக்கு இன்னொன்று: 2016-க்கு முன் டிஎஸ் 16949 என்ற பெயரில் இருந்த தரநிலைதான் பிறகு ஐஏடிஎஃப் 16949 ஆனது. பழைய பெயரில் வேலை பார்த்துவிட்டுப் புதிய பெயரிலும் தொடர்ந்தவர்கள் இரண்டையும் எழுத வேண்டும்.

அதே சமயம் பிபிஏபி அவன் செய்ததில்லை. பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். "போட்டுக்கலாமா சித்தி?" என்றான். பயிற்சி என்ற தலைப்பின் கீழே போடச் சொன்னேன். அனுபவத்தில் போடக் கூடாது. தேடலில் அப்போதும் அந்தச் சொல் இருக்கும், நேர்காணலில் உட்காரும்போது வாயில் பொய் இருக்காது.

நூறு வேலைக்கு நூறு ரெஸ்யூமே என்பது நடைமுறையில் முடியாத காரியம். வேலையும் பார்த்துக்கொண்டு ராத்திரியில் அப்ளை செய்கிறவர்களுக்கு அந்தத் தெம்பு எங்கே இருக்கும்? நான் சொல்வது நடுவழி. முதலில் செய்த எல்லா வேலையும், எல்லா எண்ணும், எல்லாக் கருவியும் உள்ள ஒரு தாய்க் கோப்பு. ஐந்து பக்கம் ஆனாலும் பரவாயில்லை, அது யாருக்கும் போகாது. அதிலிருந்து நீங்கள் தேடும் இரண்டு மூன்று வகை வேலைக்கு ஒவ்வொரு கோப்பு. இவன் விஷயத்தில் சப்ளையர் குவாலிட்டிக்கு ஒன்று, பிராசஸ் குவாலிட்டிக்கு ஒன்று. ரொம்ப ஆசைப்படும் கம்பெனி என்றால் மட்டும் விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் செலவழித்து மேல் பாதியை மாற்றுவது. நாற்பது இடத்துக்கு ஒரே கோப்பை வீசுவதைவிட பத்து இடத்துக்கு இப்படி அனுப்புவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

குறுக்குவழி ஒன்றும் சுற்றுகிறது. விளம்பரத்தை முழுவதும் காப்பி செய்து, வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக அடியில் ஒளித்து வைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். மென்பொருள் நிறத்தை உதிர்த்துவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதே காரணத்தால் அந்த வெள்ளை எழுத்து என் திரையில் கறுப்பாக வந்து நிற்கும். அப்படி ஒன்றைப் பார்த்த பிறகு அந்த ஆள் எழுதிய மற்ற வரிகளையும் என்னால் நம்ப முடிந்ததில்லை.

யார் எழுதுவது

காசு கொடுத்து எழுதி வாங்குவது, ஏஐ-யிடம் கொடுப்பது, நாமே எழுதுவது என்று இதிலும் மூன்று வழி. காசு கொடுக்கும் வழியில் என் அபிப்பிராயம் சுருக்கமானது. உங்களோடு ஒரு மணி நேரம் பேசி, நீங்கள் மறந்துபோன வேலைகளைத் தோண்டி எடுக்கிற ஆளாக இருந்தால் கொடுத்த பணம் தகும். பழைய ரெஸ்யூமேயை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாளில் மெருகேற்றி அனுப்புகிறவராக இருந்தால் வேண்டாம். "ஏடிஎஸ் பாஸ் ஆகும், கியாரண்டி" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அப்படி ஒரு பாஸ் மார்க் எந்தக் கம்பெனியும் வெளியே சொல்வதில்லை.

ரெஸ்யூமேக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் தளங்களுக்கும் இதே பதில். ஒரே கோப்பை மூன்று தளத்தில் போட்டால் மூன்று மதிப்பெண் வரும். விளம்பரத்தில் இருந்து எந்தச் சொல் விடுபட்டிருக்கிறது என்று பார்க்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஃபோன் எண், முகவரி, பிறந்த தேதி எல்லாம் எடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

ஏஐ விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியது. ஆங்கிலம் சரளமாக வராத பையனுக்கும் பெண்ணுக்கும் அது ஒரு பெரிய துணை. தமிழ் வழியில் படித்துவிட்டு, கைவேலையில் கெட்டிக்காரராக இருந்தும் ஆங்கில வாக்கியத்துக்குப் பயந்து பின்வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த வசதி அன்றே இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும். ஆனால் "எனக்கு ரெஸ்யூமே எழுதிக் கொடு" என்று மொட்டையாகக் கேட்டால் அது தானாகக் கற்பனை செய்யும். அக்கா மகன் கேட்டபோது, "செலவை 30 சதவீதம் குறைத்தார்" என்று ஒரு வரி வந்திருந்தது. எந்தச் செலவு, எப்போது குறைந்தது என்று அவனுக்கே தெரியாது. அந்த வரியை அப்படியே விட்டு நாற்பது இடத்துக்கு அனுப்பியும் இருக்கிறான்.

நான் அந்த வரியை அழித்துவிட்டு, நிஜமாக என்ன நடந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் என்ற பாகத்தின் வார்ப்புகளில் மணல் துளை வந்து நூற்றுக்கு ஆறு திரும்பிப் போய்க்கொண்டிருந்ததாம். சப்ளையரின் பட்டறைக்கே போய் மூன்று மாதம் ஷிஃப்ட் வாரியாகக் கணக்கெடுத்து, மணலின் ஈரப்பதம்தான் காரணம் என்று கண்டுபிடித்து, அதை அளக்கும் முறையை மாற்றியதும் மூன்றரைக்கு இறங்கியதாம். இதை அவன் எங்கேயும் எழுதவில்லை. "ரெஸ்பான்சிபிள் ஃபார் இன்ஸ்பெக்‌ஷன்" என்ற மூன்று சொல்லுக்குள் புதைத்து வைத்திருந்தான்.

அந்தக் கதையை முதலில் தமிழிலேயே எழுதச் சொன்னேன். பிறகு அதை ஏஐ-யிடம் கொடுத்து, புதிதாக எதையும் சேர்க்காமல் இரண்டு ஆங்கில வரியாக்கு என்று கேட்கச் சொன்னேன். நன்றாக வந்தது. நான் சிபாரிசு செய்வது இதைத்தான்: விஷயம் உங்களுடையது, ஆங்கிலம் மட்டும் அதனுடையது. வந்ததை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நேர்காணலில் உங்கள் வாயிலிருந்து வராத சொல் ரெஸ்யூமேயிலும் வேண்டாம்.

படிவத்தில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

பெயரில் தொடங்குகிறது. நமக்கு முதலெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. படிவமோ லாஸ்ட் நேம் இல்லாமல் நகராது. ஒருவர் ஒரு இடத்தில் இனிஷியலைப் போடுகிறார், இன்னொரு இடத்தில் அப்பா பெயரை விரித்துப் போடுகிறார், மூன்றாவது இடத்தில் தன் பெயரையே இரண்டு தடவை போடுகிறார். ஒரே ஆள் மூன்று ஆளாகப் பதிவாகிவிடுகிறார். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் கல்லூரிச் சான்றிதழில் உள்ளபடி. ரெஸ்யூமே, நௌக்ரி, லிங்க்ட்இன் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும்.

தேதியை மாதமும் வருடமுமாக எழுதுங்கள். "2021–2023" என்று மட்டும் இருந்தால் அது பதிமூன்று மாதமாகவும் இருக்கலாம், முப்பத்தாறு மாதமாகவும் இருக்கலாம். அனுபவத்தைக் கணக்கிடும் மென்பொருள் குறைவாகவே எடுத்துக்கொள்ளலாம். இடைவெளி இருந்தால் மறைக்க வேண்டாம். அந்த மாதங்களுக்கும் ஒரு வரி கொடுங்கள்: குடும்பப் பொறுப்பு, மேற்படிப்பு, தேர்வுக்குத் தயாரிப்பு, எது உண்மையோ அது. வெற்றிடத்தைவிட ஒரு வரி எப்போதும் மேல்.

பழைய பயோடேட்டா பழக்கத்தில் அப்பா பெயர், மதம், திருமண நிலை, கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்ற உறுதிமொழி, கீழே இடம், தேதி, கையெழுத்து எல்லாம் இன்னும் போடுகிறார்கள். எதுவும் தேவையில்லை. வளைகுடா வேலைக்கு மட்டும் போட்டோ, எந்த நாட்டுக் குடியுரிமை, விசா நிலை கேட்பது வழக்கம். அங்கே கேட்டால் கொடுங்கள்.

கல்லூரியிலிருந்து இப்போதுதான் வெளியே வருகிறவர்களுக்கு ரெஸ்யூமேயைவிட மதிப்பெண் கட்டம்தான் முதல் கதவு. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும் கம்பெனிகள் நிறைய. சிஜிபிஏ-வைச் சதவீதமாக மாற்றும்போது உங்கள் பல்கலைக்கழகம் சொன்ன கணக்கையே பயன்படுத்துங்கள், நீங்களாகப் பத்தால் பெருக்கிவிடாதீர்கள். பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் அது பெரிய விஷயமாகிவிடும். ஃப்ரெஷருக்கு ஒரு பக்கம் போதும். அனுபவத்தின் இடத்தில் புராஜெக்ட் வரட்டும். அதில் நீங்கள் செய்த பகுதி எது என்பது தெளிவாக இருக்கட்டும், நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்டில் நான்கு பேருமே எல்லாவற்றையும் செய்ததாக எழுதியிருப்பார்கள்.

தெரிந்தவர் மூலம் ரெஃபரல் கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள். அப்போதும் பெரும்பாலும் அவர் அனுப்பும் லிங்க்கில் போய் இதே படிவத்தைத்தான் நிரப்ப வேண்டியிருக்கும். ரெஃபரல் இருக்கிறதே என்று குழம்பிய கோப்பை ஏற்ற வேண்டாம்.

அக்கா மகன் அந்த வார இறுதியிலேயே புதுக் கோப்பைச் செய்து அனுப்பினான். ஒன்றரைப் பக்கம், கறுப்பு எழுத்து, போட்டோ இல்லை. "ரொம்ப மொட்டையா இருக்குங்க சித்தி" என்றான். நோட்பேடில் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். பெயர், எண், சப்ளையர் குவாலிட்டி, இம்பெல்லர், ஆறிலிருந்து மூன்றரை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பத்து இடத்துக்கு அனுப்பியிருக்கிறான். மூன்றாவது வாரம் ஒரகடத்திலிருந்து ஒரு ஃபோன் வந்தது. பேசியவர் முதலில் கேட்டதே மணலின் ஈரப்பதத்தை எப்படி அளந்தீர்கள் என்றுதானாம். இருபது நிமிடம் பேசியிருக்கிறான். அடுத்த சுற்று வரும் வெள்ளிக்கிழமை. பிராசஸ் குவாலிட்டிக்கான இரண்டாவது கோப்பு இன்னும் பாக்கி இருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.